நான்காம் அடியின் முதல் எழுத்து

பக்கத்துக்கு ஒரு ரூபாய் பத்துக் காசு.
படித்துப் பார்க்கக் கூலி கிடையாது.
வேலூர் ஆயர் இல்லத்துப் பின்கட்டில்
ஸ்கேனரின் பச்சை வெளிச்சம் போய்த் திரும்புவதற்குள்
நான் படித்துவிடுகிறேன்.
கன்னியர் மடத்தில் இரண்டரை வருஷம் இருந்ததில்
மிச்சம் இந்த லத்தீன்தான்.
முக்காட்டைத் திருப்பிக் கொடுத்தேன்,
இதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

வெளியே கத்திரி வெயில்.
காட்பாடி பஸ் ஆஸ்பத்திரி வாசலில் நின்று
வங்காளிகளை இறக்குகிறது, எக்ஸ்ரே உறைகளோடு.
மேசைமேல் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தேழு:
கரையான் ஓரம் தின்ற ஒற்றைத் தாள்.

சேத்துப்பட்டுக் கஞ்சித்தொட்டியைப் பார்வையிட
சித்தூரிலிருந்து குதிரையேறி வரும்
வடாற்காடு ஜில்லா துரைக்கு
வரவேற்புப் பா, ஐந்தடி.
எழுதியவன் உபதேசியார் மகன் சவரிராயன்,
பாண்டிச்சேரியில் குருமடத்தைப் பாதியில் விட்டவன்.
நம்ம ஜாதி, என்று சிரித்துக்கொண்டேன்.

ஐந்தடியும் வெண்ணெய்.
பாக்கியம் பெற்றாய் செய்யாறே, என்கிறான்.
நீர் வருகையில் முகிலும் வருகிறது, என்கிறான்.
மகத்தானவரே, என்கிறான்.
இதோ, உமது நிழலில் ஜனம், என்கிறான்.
வாழ்க, என்று முடிக்கிறான்.
செய்யாற்றில் அந்த வருஷம்
மணலைத் தோண்டினால் மணல் கிடைத்தது.

அடிகளின் தலைகளை மேலிருந்து கீழே
விரலால் தொட்டுக்கொண்டே வந்தேன். பழக்கதோஷம்.
ரோமாபுரியில் மண்ணுக்கடியில் ஜெபித்தவர்கள்
ஒரு மீனுக்குள் மீட்பரை எழுத்தெழுத்தாய் ஒளித்தார்கள்.
பிறகு வந்தவர்கள்
பேரரசனைப் புகழ்ந்த பழம்பாட்டைக் கத்தரித்து
அந்தக் கந்தல்களையே ஒட்டுப்போட்டுத்
தைத்தார்கள் ஒரு தச்சன் மகனுக்கு மேலங்கி.
சட்டைக்கு உள்பை மாதிரி
முகஸ்துதிக்கும் ஒன்று உண்டு.

எஃப். ஏ. எம். ஈ. எஸ்.
ஃபாமேஸ்.
பசி.

துரை படித்திருக்கிறார்.
ஓரத்தில் சிவப்புப் பென்சில்.
நான்காம் அடியின் முதல் சொல்லை மட்டும் அடித்திருக்கிறார்:
எச்சே. இதோ, பாருங்கள்.
சாட்டையடி பட்ட ஒருவனை வாசலில் நிறுத்திப்
பிலாத்து சொன்ன அதே சொல்.
அதற்கு மேலே, சாய்வான நல்ல கையெழுத்தில்,
ஆட்க்வே. மேலும்.
மாத்திரை பிசகவில்லை:
அங்கே நெடில் குறில், இங்கேயும் நெடில் குறில்.
எழுத்துதான் போயிற்று. ஈ இருந்த இடத்தில் ஏ.
ஃபாமாஸ்.
வதந்திகள்.

தெரிந்துதான் செய்தாரா?
மேலிடத்தின் கண்ணில் படுமுன் பையனைக் காப்பாற்றவா?
பஞ்சமில்லை, வெறும் பேச்சு என்று
சென்னைக் கோட்டைக்கு எழுதியதையே
இங்கும் எழுதிவிட்டாரா?
அல்லது எந்தப் பள்ளிக்கூடத்திலோ
'இதோ' என்று தொடங்கினால் பிரம்படி கொடுத்தார்களா?

தாளைத் திருப்பினேன். பின்பக்கம்
கஞ்சித்தொட்டிக் கணக்கு, தமிழில்.
சோளம் இத்தனை படி, உப்பு, விறகு.
வந்தவர். நேற்று வந்து இன்று வராதவர்.
வராதவர் பத்தி
கோட்டைத் தாண்டி ஓரம்வரை இறங்குகிறது.
அதற்குக் கீழே கரையான்.

'பொருள்' என்ற கட்டத்தில் 'வாழ்த்துப்பா' என்று தட்டினேன்.
அழித்தேன்.
மறுபடி தட்டினேன், சம்பளம் அதற்குத்தான்.
'குறிப்பு' என்ற கட்டம் சின்னது,
ஃபாதர் அதைப் படிப்பதில்லை.
நமக்கு ஐந்து அடி எதற்கு,
தமிழில் அது இரண்டெழுத்து.
எழுதிவிட்டு அடுத்த தாளைக் கண்ணாடிமேல் கவிழ்த்தேன்:

பதில் வந்ததாகத் தெரியவில்லை.
சிறு திருத்தம், நான்காம் அடியில்.